நிலவில் ஓடிய வெளிச்சம்

சந்திரனில் ஊர்கள் எழுந்துவிட்ட காலம். கீழக்குழி, மேலக்குழி என்று இரண்டு ஊர். இரண்டுக்கும் பொதுவாக, பனியை வெட்டி உருக்கிக் குடிநீராக்க ஒரே ஒரு பனிச்சுரங்கம். தகராறு முற்றியதும் நடுவர் பாகீரதி ஒரு போட்டி வைத்தார். கீழக்குழிக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். பூசாரி எடுத்துப் பிரிக்கும் பொட்டலத்தில் இருப்பது செவ்வரளியா, வெள்ளரளியா? அந்தச் சேதியை மேலக்குழியில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு முதலில் சேர்ப்பவரின் ஊருக்கே சுரங்கம்.

கீழக்குழிக்காகத் தையல்நாயகி போட்டியில் இறங்கினாள். ஊர்த் தொட்டியில் குடிநீர் அடியைத் தொட்டுவிட்டது. தோற்றால் ஊரையே காலி செய்ய வேண்டியதுதான். தங்கை கோமளத்தை விளக்கோடு கோயிலில் நிறுத்திவிட்டு, அவள் நடுவர் பக்கத்தில் வந்து நின்றாள். சிவப்பு என்றால் ஒரு மினுக்கு, வெள்ளை என்றால் இரண்டு. மலையுச்சிக் கண்ணாடிகள் வழியாக அது வந்து சேரும்.

மேலக்குழி அம்பலவாணன் சும்மா இருப்பானா? "உங்க விளக்கு ஒளி வேகத்துலதானே வரும் தங்கச்சி? என்னோடது அதையே முந்தும்!" என்று மார்தட்டினான்.

பூமியில் அவன் ஆள் ஒருவன் ராட்சத விளக்கு வைத்திருந்தான். அதன் வெளிச்சம் சந்திரனில் வட்டமாக விழும். அங்கே விளக்கை வெடுக்கென்று திருப்பினால் போதும், இங்கே வட்டம் ஊர்விட்டு ஊர் பாயும். பூமியின் வெளிச்சம் வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும் அல்லவா? அதனால் பூசாரி பொட்டலத்தைத் தொடுவதற்கு முன்பே அந்த ஆள் விளக்கைத் திருப்பிவிட்டான்.

பொட்டலம் பிரிந்தது. செவ்வரளி! அதே கணம் வட்டம் கீழக்குழியைக் கடந்து மேலக்குழிக்குப் பாய்ந்தது. கருவிகள் பொய் சொல்லவில்லை, ஒளியைவிட வேகம்தான். கோமளத்தின் ஒற்றை மினுக்கு அதற்குப் பிறகே வந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள்: சேதியை முதலில் சேர்த்தது யார்? சுரங்கம் எந்த ஊருக்கு?

விடை: நடுவர் ஒன்றே ஒன்று கேட்டார். "வெள்ளரளி வந்திருந்தா உன் வட்டம் எப்படி ஓடியிருக்கும், தம்பி?" அம்பலவாணன் குரல் இறங்கிப்போயிற்று. "இதே மாதிரிதான் அம்மா." எந்தப் பூ வந்தாலும் ஒரே மாதிரி ஓடும் வட்டத்தில் சேதி ஏது? தீர்ந்தது வழக்கு. மேலக்குழியில் விழுந்த வெளிச்சம் கீழக்குழிப் பக்கமே போகவில்லை. பூமியிலிருந்து நேரே வந்தது. வட்டம் எவ்வளவு வேகமாகவும் ஓடலாம், அதை எந்த விதியும் தடுக்காது. சேதி மட்டும் ஒளியை முந்த முடியாது. கோமளத்தின் மினுக்குதான் பூவைப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. சுரங்கம் கீழக்குழிக்கே. தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவில் தங்கையைக் கூப்பிட்டாள்: "ஊர்ல சொல்லுடி, யாரும் மூட்டை கட்ட வேணாம்னு."