விளக்குத்தூணில் சொன்ன வழி

சுயம்பு சாமிக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தாறு. குரு சின்னவர், சீடர் பெரியவர் என்பதில் அவர்கள் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்கள்தான் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

சாமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மதுரையை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர். ஒருநாள் திடீரென்று கேட்டார்.

"மதுரையை நடந்தே சுத்திப் பாக்கணும்யா. கூட்டிட்டுப் போறீங்களா?"

தெய்வசிகாமணிக்கு உள்ளுக்குள் திக்கென்றது. ஆனாலும், "மதுரை எனக்கு அத்துப்படி சாமி" என்று சொல்லிவிட்டார். முப்பத்துநாலு வருஷம் சர்வேயராக இருந்தவர். ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தவர். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் ரெடியாக இருக்கும்.

காலை ஏழு மணிக்கு மேலமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் சேருகிற முக்கில் இறங்கினார்கள். மதுரையில் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். அதில் ஒரு பெரிய சதுரம்தான் மாசி வீதிகள், திசைக்கு ஒன்றாக நாலு. மேலமாசி வழியாகத் தெற்கே நடந்தார்கள். தெய்வசிகாமணி பழக்கதோஷத்தில் மனசுக்குள் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

சாமி சின்னப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தா தெரியுதே கோபுரம், அதுல எத்தனை பொம்மை இருக்கும்?"

"மூவாயிரத்து நாப்பத்திரெண்டு, சாமி."

மூவாயிரம் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த நாப்பத்திரெண்டில்தான் இருந்தது அவருடைய சாமர்த்தியம்.

தெற்குமாசியில் திரும்பியதும் தூண் வைத்த பழைய மாடி வீடு ஒன்று. சாமி அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு கட்டுனது?"

"நாயக்கர் காலத்துத் தளபதி ஒருத்தரு, சாமி. போர்ல ஜெயிச்சு வந்ததும் கட்டினாரு."

பக்கத்து டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை நிறுத்தினார்.

"அண்ணே, அது எங்க மாமா கட்டுனது. எம்பத்திநாலுல. பாத்திர யாவாரம் அவருக்கு."

சாமி ஒரு டீ வாங்கிக் குடித்தார். டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இப்படியே பேசிக்கொண்டு கிழக்கே வந்தவர்கள், கீழமாசியும் தெற்குமாசியும் சேருகிற இடத்தை நெருங்கினார்கள். அந்த மூலைக்குப் பேர் விளக்குத்தூண். தெய்வசிகாமணியின் நடை தளர்ந்தது. சட்டென்று நின்றார்.

"இவ்வளவுதான் சாமி பாக்க வேண்டியது. வந்த வழியே திரும்பிருவோம்."

"அந்தப் பக்கம் தெரு போகுதே."

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

"போயிருக்கீங்களா?"

தெய்வசிகாமணிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. சாமி அவர் கையைப் பிடித்து ஓரமாக நிழலில் நிறுத்தினார். தெய்வசிகாமணி தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"இருபத்தெட்டு வருஷமாச்சு சாமி. டிபார்ட்மெண்டு பரீட்சைக்கு வந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடையெல்லாம் அடைச்சிருக்கு. இதே எடத்துல நிக்கிறேன். ஒருத்தரு ஓடி வந்தாரு. தோள்ல கைக்கொழந்தை, துண்டு போட்டுச் சுத்தியிருக்கு. அனலாக் கொதிக்குது, கண்ணு சொருகிருச்சு. 'அண்ணே, கொழந்தை டாக்டர் வீடு எங்கண்ணே'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் கக்கத்துல சர்வே மேப்பு சுருட்டி வெச்சிருந்தேன். அதப் பாத்துத்தான் எங்கிட்ட வந்திருக்காரு. மேப்பை வெச்சுக்கிட்டு எப்படிச் சாமி தெரியாதுன்னு சொல்றது? கீழமாசிப் பக்கம் கையக் காட்டி, 'நேரா கடைசி வரைக்கும் போயி இடது கைப்பக்கம் திரும்பிப் போங்க'ன்னுட்டேன். வாய்க்கு வந்ததுதான். கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஓடினாரு சாமி."

அவர் வந்த வழியைக் கை காட்டினார்.

"சாயங்காலம் லாட்ஜுக்குத் தெற்குமாசி, மேலமாசின்னு நடந்து போறேன். காலைல நாம இறங்குனோமே, அந்த முக்குலதான் கொழந்தை டாக்டர் போர்டு தொங்குது. நான் அவர நேரெதிர்ப் பக்கமா அனுப்பிட்டேன். கொழந்தை செத்துப்போச்சு சாமி. நாந்தான் கொன்னுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் விளக்குத்தூண் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. மதுரையில் வேலை இருந்தால்கூட ஊரைச் சுற்றிப் போவார். சொந்தப் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் வீட்டைவிட்டே வெளியே போய்விடுவார். தாத்தாவுக்குப் பாசமே இல்லை என்று மகளுக்கு மனத்தாங்கல். பேத்திக்கு நாலு வயதாகிறது, அவர் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க கையக் காட்டுன பக்கமே நடப்போமா?"

"வேண்டாம் சாமி."

"நான் ஊர் பாக்க வந்தவன்யா. பாதி ஊரைக் காட்டிட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போனா எப்படி?"

கீழமாசியில் வடக்கே நடந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போனார்கள். மிளகாய் நெடியில் சாமி நாலு தும்மல் தும்மினார். பருத்திப்பால் வண்டியைப் பார்த்ததும் நின்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். தெய்வசிகாமணிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றிருப்பாரோ, இங்கே கதவைத் தட்டிக் கேட்டிருப்பாரோ என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கால் மட்டும் பழக்கம் விடாமல் அடியை எண்ணிக்கொண்டிருந்தது.

வீதி முடிந்தது.

"இப்ப எந்தப் பக்கம்யா?"

"இடது பக்கம்னுதான் சொன்னேன்" என்றார் தெய்வசிகாமணி, தலையைக் குனிந்தபடி.

இடது பக்கம் திரும்பினார்கள். வடக்குமாசி வீதி. வெயில் முதுகில் ஏறியது. ஒரு வீதியின் நீளம் நடந்த பிறகு சாமி நின்றார்.

"இந்த முக்கை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். காலையில் அவர்கள் இறங்கிய அதே முக்கு, அன்றைக்கு டாக்டர் போர்டு தொங்கிய முக்கு.

அவர் வீதியைத் திரும்பிப் பார்த்தார். மேலமாசியைப் பார்த்தார். மறுபடியும் வந்த வீதியைப் பார்த்தார். சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஊரையெல்லாம் அளந்த சர்வேயருக்கு அது இருபத்தெட்டு வருஷமாகத் தோன்றவில்லை. பயந்தவன் கணக்குப் போட்டா பார்ப்பான்?

"சாமி! அந்தப் பக்கம் வந்ததுக்கும் இந்தப் பக்கம் வந்ததுக்கும் இருபது அடிதான் வித்தியாசம். அதுவும் இந்தப் பக்கந்தான் கம்மி. அவரு வந்து சேந்திருப்பாரு சாமி! நான் சொன்னபடியே இங்க வந்து நின்னிருப்பாரு!"

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அறுபத்தாறு வயசு மனுஷன், தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற நினைப்பே இல்லாமல் அழுதார். எத்தனையோ வருஷம் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கிப் போன அழுகை அது. சாமி பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்.

அழுகை ஓய்ந்ததும் கேட்டார்.

"அந்தக் குழந்தை பிழைச்சிருச்சா?"

"பிழைச்சிருச்சு சாமி! நல்லா இருக்கும். இந்நேரம் முப்பது வயசு ஆகப்போகுது. கல்யாணம்கூட ஆகியிருக்கும்."

"யாரு சொன்னா?"

தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி செத்துப்போச்சுன்னீங்க" என்றார் சாமி. "அதை யாரு சொன்னா?"

எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்தி, கல்லாவில் உட்காரும் வரைக்கும் தெய்வசிகாமணி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தெரியாது சாமி."

"அப்பாடா!" என்று சாமி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். "இன்னிக்கு நீங்க சுத்திக் காட்டுனதுலயே இந்த இடந்தான்யா நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் இங்கயே இருப்போம்."