கடைசி வரி மட்டும்

ஏரிக்கரைக் காட்டில் கரடிதான் நீதிபதி. மருத மரத்தடியில் இருந்த பாறையில் உட்கார்ந்துதான் அது வழக்குகளைக் கேட்கும். மேலே கிளையில் மைனா இருக்கும். பழைய தீர்ப்புகளை மனப்பாடமாகச் சொல்வது மைனாவின் வேலை. ஆனால் ஒவ்வொரு தீர்ப்பிலும் கடைசி வரியை மட்டும்தான் அது மனப்பாடம் செய்யும்.

"நடந்த கதையெல்லாம் எதற்கு? முடிவுதானே முக்கியம்!" என்று கரடி உத்தரவு போட்டிருந்தது.

ஒரு நாள் காலை மரங்கொத்தி அலறிக்கொண்டு வந்தது.

"ஐயா! நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உடும்பு என் பொந்துக்குள் புகுந்துவிட்டது! உள்ளே மூன்று முட்டைகள் இருக்கின்றன! உடனே வெளியேறச் சொல்லுங்கள்!"

உடும்பு வரவில்லை. அதற்காக நரி வக்கீல் வந்திருந்தது.

"ஐயா, என் கட்சிக்காரர் பொந்தைவிட்டு வர முடியாது. வந்தால் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள். காலம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது! நண்டு வளை வழக்கின் தீர்ப்பைச் சொல்லச் சொல்லுங்கள்."

மைனா தொண்டையைச் செருமியது. "காலியான இடம் புகுந்தவருக்கே சொந்தம்!"

"காலியா? முட்டைகள் இருந்தனவே!" என்று மரங்கொத்தி பதறியது.

"அடுத்து மீன் சாட்சி வழக்கு," என்றது நரி.

"வாய் திறந்து பேசாதவரைக் கணக்கில் சேர்க்க முடியாது!" என்றது மைனா.

நரி திரும்பியது. "முட்டைகள் என் கட்சிக்காரரிடம் ஏதாவது பேசினவா, அம்மா?"

"முட்டை எப்படியய்யா பேசும்?"

"பேசவில்லை என்று அம்மாவே ஒப்புக்கொண்டார்கள்!"

கரடி தலையாட்டியது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பதில் அதற்குப் பெரிய நிம்மதி.

"பொந்து உடும்புக்கே!" என்று சொல்லிவிட்டு, தாகமெடுத்ததால் ஏரிக்கு இறங்கிப் போனது.

திரும்பி வந்தபோது பாறையின் மேல் மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"இறங்கு! அது என் இடம்!"

"காலியாக இருந்தது, ஐயா. புகுந்துவிட்டேன்."

"நான் தண்ணீர் குடிக்கத்தானே போனேன்!"

"நானும் அதற்குத்தான் போனேன், ஐயா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரடிக்கு வியர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அது மைனாவிடம், "அந்த நண்டு வழக்கில் என்னதான் நடந்தது?" என்று கேட்டது.

"எனக்குக் கடைசி வரிதானே தெரியும்!" என்றது மைனா.

"நான் சொல்கிறேன், வழக்கே என்னுடையதுதான்," என்று ஒரு தவளை முன்னால் வந்தது. "நண்டு அக்கரைக்குக் குடிபோய் மூன்று மழைக்காலம் கழித்துத்தான் அந்த வளைக்குள் போனேன். அதுவும் நண்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு!"

கரடி அவசர அவசரமாகத் தீர்ப்பை மாற்றியது. எல்லோரும் பொந்துக்கு ஓடினார்கள். உடும்பு வாயை நக்கிக்கொண்டே வெளியே வந்தது. உள்ளே ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். மரங்கொத்தி போய் அதன்மேல் உட்கார்ந்தது.

"நீதி வென்றது!" என்றது கரடி.

மைனா புதிய தீர்ப்பின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டது.

அடுத்த வாரமே கீரி ஒரு வழக்குப் போட்டது. ஏரி மேட்டில் உடும்பு குடியிருந்த வளை தனக்கு வேண்டுமாம்!

"அது நானே தோண்டிய வளை, ஐயா! பத்து வருஷமாக இருக்கிறேன்!" என்று உடும்பு கதறியது.

இந்த முறை நரி, கீரியின் வக்கீல். "மரங்கொத்தி வழக்கின் தீர்ப்பைச் சொல்லச் சொல்லுங்கள், ஐயா," என்றது பணிவாக.

மைனா தொண்டையைச் செருமியது. "வெளியேற வேண்டியது உடும்புதான்!"

கரடி தலையாட்டியது. பழைய வழக்கிலிருந்து அதுவும் ஒரு பாடம் கற்றிருந்தது. இப்போதெல்லாம் தண்ணீரைச் சுரைக்குடுவையில் நிரப்பிப் பாறைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது.

நடந்தது என்னவென்று கேட்காமல் சொல்லப்படும் தீர்ப்பு, இன்று அதனால் ஜெயித்தவரையே நாளை வீட்டைவிட்டுத் துரத்தும்.