பத்தே பத்து எண்

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் துருவன், தன்னை வென்ற ஜெசிந்தாவின் செல்போன் நம்பரை அந்த விளையாட்டுக்கான ஆன்லைன் குழுவில் போட்டுவிட்டான். ஆபாச அழைப்புகள் குவிந்ததில் அவள் அழுது தீர்த்தாள்.

குழுவில் ஒழுங்கைக் கவனிக்கும் புது மாடரேட்டர் இசக்கியம்மாள் கொதித்துப்போனாள். "அவனைக் குழுவை விட்டுத் தூக்குங்க சார்."

குழுவின் குரல் அரட்டையில் முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருக்க, தலைவர் குலோத்துங்கன் மைக்கில் சிரித்தார். "வெறும் பத்து எண்ணும்மா. அது அந்தரங்கம்னு நிரூபி. இல்லேன்னா நீ வெளியே போ."

"சரிங்க சார். நம்பர் அந்தரங்கம் இல்லைன்னு அறிவிப்பு போடுறேன். சந்தேகம் கேட்கிறவங்களுக்கு உங்க நம்பரைக் கீழே கொடுக்கட்டுங்களா?"

"ஏய்! அது என் சொந்த விஷயம்! யாரைக் கேட்டு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிரூபிச்சாச்சுங்க சார்."

துருவன் அன்றே நீக்கப்பட்டான். ஆனாலும் நம்பரை மாற்ற வேண்டியிருந்தது ஜெசிந்தாதான். அதை நினைத்தால் இசக்கியம்மாளுக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.