நாற்பது கைநாட்டு

உப்பளத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நவநீதன் வைத்ததுதான் சட்டம். புது மருந்தைச் சோதிக்க அவருக்கு நாற்பது உப்பளத் தொழிலாளிகள் வேண்டும். ஒன்பது பக்க இங்கிலீஷ் சம்மதப் படிவங்களை ஆயா சுடலைவடிவிடம் கட்டாகத் தூக்கிப் போட்டார்.

“மத்தியானத்துக்குள்ள நாற்பது கைநாட்டு வரணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

மத்தியானம், உலக நாடுகளின் ஒப்பந்தப்படிதான் சம்மதம் வாங்குகிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் சோதனையை நிறுத்தும் குழுவின் தலைவியும் வந்து உட்கார்ந்தார். சுடலைவடிவு ஒரே ஒரு தாளை டாக்டரிடம் நீட்டினாள். தமிழில் ஒரு வரி, கீழே நாற்பது கைநாட்டு.

“எல்லாருக்கும் படிச்சுக் காட்டித்தான் வாங்கினேன் சார். உங்க கையெழுத்துதான் பாக்கி.”

டாக்டர் டில்லியில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

“என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எவனாவது கையெழுத்து போடுவானா?” என்று சீறினார்.

சுடலைவடிவு தாளைத் தலைவியிடம் கொடுத்தாள். அவர் சத்தமாகப் படித்தார்:

“என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத எந்தப் படிவத்திலும் நாங்கள் கைநாட்டு வைக்க மாட்டோம்.”



“சாரும் எங்க பக்கந்தாம்மா,” என்றாள் சுடலைவடிவு. “நாற்பத்தொண்ணுன்னு எழுதிக்கிட்டு, சோதனையை நிறுத்துங்க.”