கூட்டி எழுதிய ஓடை

"ஊத்துக்குப் பக்கத்துல அந்த ஜூஸ் கம்பெனிக்காரன் போர் போடக் கூடாது. தடுக்க வழி சொல்லுங்க, மேடம்."

கேட்டவர் மாதேசன். ஒன்பது வருடமாக ஓடையில் தண்ணீர் மட்டம் காட்டும் அளவுப் பலகையைப் பார்த்து எழுதுகிறவர். அந்த ஓடையை நம்பிக் கீழே நாற்பது வீடு இருக்கிறது.

பெனிட்டா, நிலத்தடி நீரைக் கணக்கிட வந்த பொறியாளர். மாதேசனைவிட இருபது வயது இளையவர். அவரிடம் பாடம் கேட்க மாதேசன் வெட்கப்பட்டதில்லை.

"மொதல்ல மண்ணுக்குள்ள எவ்வளவு தண்ணி இருக்குன்னு தெரியணும்" என்றார் பெனிட்டா.

"அது எப்படிங்க தெரியும்?"

"ஓடையைப் பார்த்தா தெரியும், மாதேசண்ணா. மழை நின்னப்புறம் ஓடறது பூரா மண்ணு விடற தண்ணி. மெதுவா குறைஞ்சா உள்ள நிறைய இருக்கு. சட்டுனு குறைஞ்சா கொஞ்சந்தான்."

மாதேசன் நோட்டை நீட்டினார். மழை நின்ற முப்பது நாள் அதில் இருந்தது.

பெனிட்டா பென்சிலை அவரிடமே கொடுத்தார். மாதேசன் கட்டம் போட்ட தாளில் முப்பது புள்ளி வைத்தார். கோடு அவசரமே இல்லாமல் இறங்கியது.

"எப்படி நம்ம ஓடை?"

"இதைப் பார்த்தா நானே கையெழுத்துப் போட்டுருவேன்."

"எதுக்குங்க?"

"போர் போடலாம்னு. உள்ள அவ்வளவு தண்ணி இருக்கே."

மாதேசன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"மேடம், கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கேன்."

"எவ்வளவு?"

"முதல்ல ரெண்டு சென்டிமீட்டர். அப்புறம் நாலு. வத்துற ஓடைன்னு தெரிஞ்சா ஆபீசுல கைகழுவிருவாங்களோன்னு பயம். குறையறதை எழுதவும் மனசு வரலைங்க."

பெனிட்டா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"கூட்டினதைக் கழிச்சுக் குடுத்துடறேன்."

"எந்த நாளைக்கு எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"போருக்கு அனுமதி குடுக்கற விசாரணை என்னைக்கு?"

"இன்னும் பன்னண்டு நாள் இருக்குங்க."

"இன்னைலருந்து தினம் உள்ள அளவை அப்படியே எழுதுங்க. நடுவுல மழை வராம இருந்தா, அது போதும்."

புதுத் தாளை அவர் முன் வைத்துவிட்டு பெனிட்டா எழுந்து போனார்.

மாதேசன் நேராக ஓடைக்கு இறங்கினார். பலகையை ஒட்டிக் குனிந்தார். நேற்று நோட்டில் எழுதியது பதினெட்டு. தண்ணீர் பதிமூன்றில் நின்றது.

புதுத் தாளை விரித்தார். பதிமூன்று என்று எழுதினார்.

நிமிர்ந்தபோது மேற்கே மேகம் திரண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அந்த மேகத்தை வா வா என்று கூப்பிட்டவர் அவர்.

"பன்னண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வந்துராதே" என்றார்.