பூவாலியின் கடவாய்ப்பல்

கருவேலங்காட்டுக் குளக்கரையில் ஒரு முயல் கூட்டம் வளை தோண்டிக் குடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு முயலும் வேலங்குச்சியை மென்று, பல் முழுவதையும் துலக்கி, குளத்தில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வளைக்குள் நுழைய வேண்டும்.

அழகுக்காக இல்லை ஐயா, உயிருக்காக! அந்தப் பக்கம் ஒரு நரி திரிந்தது. வளைக்குள்ளிருந்து வெறும் மண்வாசம் வந்தால் பேசாமல் போய்விடும். ஊத்தைப்பல் நாற்றம் வந்ததோ, தோண்ட ஆரம்பித்துவிடும்.

பூவாலி என்ற முயலும் பல் துலக்கத்தான் செய்தாள். எப்படி? முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லில் மட்டும் குச்சியைச் சரக் சரக்கென்று இழுப்பாள். குளத்துத் தண்ணீரில் முகம் பார்ப்பாள். பல் பளிச்சென்று இருக்கும். உடனே குச்சியை வீசிவிட்டுப் போய்விடுவாள், மேனாமினுக்கி!

"மதினி, கடவாயையும் தேய்ங்க!" என்பாள் அவள் நாத்தனார் தவிட்டி.

"அங்க யாரு எட்டிப் பாக்கப் போறா? பச்சைப் பிள்ளைக்காரிக்கு ஆயிரம் வேலை!"

பிள்ளைக்காரி என்றது பொய்யில்லை. ஓடத் தெரியாத குட்டிகள் வளைக்குள் பாலுக்காகக் காத்துக் கிடந்தன. அவள் உயிரே அதுகள்தான்.

ஒரு சாயங்காலம் எல்லோரும் நாவல் மரத்தடியில் உதிர்ந்த பழம் தின்றார்கள். பூவாலி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்த தவிட்டி பதறிப்போனாள்.

"ஐயையோ மதினி! முன்பல்லுதான் வெள்ளை. ஈறோரமும் கடவாயும் ஒரே கருநீலம்! ஊத்தை படிஞ்ச இடத்துலதான் சாயம் இப்படி அப்பும். வாங்க, நல்லாத் தேய்ச்சிட்டு வருவோம்!"

"பழம் தின்னா சாயம் ஒட்டாதா? என்னைக் குறை சொல்லாட்டா உனக்குத் தூக்கமே வராதே!"

வெடுக்கென்று சொல்லிவிட்டு, முன்பல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, பூவாலி வளைக்குள் போய்விட்டாள்.

இருட்டுவதற்கு முன்பே வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. உள்ளே எல்லோரும் கப்சிப்! நரி மூக்கை நுழைத்து உறிஞ்சியது.

"மண்வாசம்... வேர்வாசம்... வேறே ஒண்ணும் இல்லையே!"

நரி திரும்பி நடந்தது. பூவாலிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அப்பாடா என்று வாய் திறந்து மூச்சு விட்டாள்.

நரி நின்றது.

"அடடே! இது என்ன அழுகல் வீச்சம்? யாரோ வாயைத் திறந்தீங்களே!"

பரட் பரட்டென்று மண் பறந்தது. அது தன் வாய் நாற்றம்தான் என்று பூவாலிக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இனிமேல் பொத்தி என்ன செய்ய? குட்டிகள் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வெடவெடத்தன. நரியின் நகம் உள்ளே தெரிந்தது.

"தவிட்டி, பிள்ளைங்களப் பாத்துக்க!"

"எங்க போறீங்க மதினி?"

"நாத்தம் எங்கிட்டதானே இருக்கு! நான் போனா நரியும் என் பின்னாலயே வந்துரும்!"

பின்வாசல் வழியாக ஒரே பாய்ச்சல். நரியும் தோண்டுவதை விட்டுவிட்டுத் துரத்தியது.

ஓட்டத்தில் பூவாலி கெட்டிக்காரிதான். முள்ளுக்குள் புகுந்து ஒளிந்தாள். நரி நேராக அங்கே வந்து நின்றது! பாறைப் பொந்துக்குள் பதுங்கினாள். அங்கேயும் வந்தது! வாயை மூடிக்கொள்ளவும் முடியவில்லை. ஓடி ஓடி இளைத்தவள் மூச்சு வாங்காமல் என்ன செய்வாள்? பாவம், கடைசியில் தாழம்புதருக்குள் விழுந்து சுருண்டாள். கால் அசையவில்லை. இலைகள் மெல்ல விலகின.

"எங்கே ஒளிஞ்சாலும் உனக்கு எப்படித் தெரியுது?" என்று அழுதாள் பூவாலி.

"நான் எங்கேம்மா தேடினேன்? நீதான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கியே!" என்றது நரி.

குட்டிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டி விடியும்வரை வளை வாசலில் காத்திருந்தாள். பூவாலி திரும்பி வரவேயில்லை.

பிறர் கண்ணுக்குத் தெரியும் பல்லை மட்டும் துலக்கினால், தெரியாத பல்லில் விட்ட ஊத்தையே நம்மைக் காட்டிக்கொடுக்கும்.