முனையில் வைத்த பூசணிக்காய்

தணிகாசலம் முதலாளியின் லாரி ஷெட்டைப் பெருக்குகிறவள் மாடத்தி. கடைவீதி முனையில் அவருடைய லாரியின் பின்சக்கரத்தில் சிக்கித்தான் அவள் புருஷன் செத்துப்போனான். இப்போது முதலாளி அதைவிட இரண்டு மடங்கு நீள லாரியை வாங்கி, அதே வீதியில் ஓட்ட அனுமதி கேட்டார். மாடத்தியின் மகள் பள்ளிக்கூடம் போகிற வழியும் அதுதான்.

வெள்ளோட்டம் பார்க்க அதிகாரி வந்தார். ஊரே கூடியது.

"முன்சக்கரம் போன வழியிலதான் பின்சக்கரமும் போகும். ஓரத்துல நிக்கிறவன் மேல தூசிகூடப் படாது. இல்லேங்கிறவன் நிரூபிச்சுக் காட்டட்டும்!" என்றார் முதலாளி. "ஏ மாடத்தி, திருஷ்டி சுத்திப் பூசணிக்காய உடை!"

குங்குமம் நிரப்பிய பூசணிக்காயால் மாடத்தி லாரியைச் சுற்றினாள். ஆனால் உடைக்கவில்லை. சாகிற அன்று புருஷன் நின்றிருந்த முனையோரத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னடி இது?"

"இருக்கட்டும் மொதலாளி. உங்க லாரிதான் இந்தப் பக்கமே வராதே!"

லாரி முனையில் திரும்பியது. முன்சக்கரம் விலகிப் போனது. பின்சக்கரமோ குறுக்கே வெட்டி ஓரத்தில் ஏறியது. காய் நசுங்கி, வீதியெங்கும் சிவப்பாய்த் தெறித்தது.

"அனுமதி கிடையாது," என்றார் அதிகாரி.

முதலாளி பல்லைக் கடித்தார். "வந்து கழுவுடி!"

"அன்னைக்கு நான்தான் கழுவினேன் மொதலாளி," என்றாள் மாடத்தி. "இன்னைக்கு நீங்க கழுவுங்க."